பூங்கா தானமல்ல, வரிப்பணம்

1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. அந்த உரிமையை நிலைநாட்டவே 1927இல் மகாட் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளினார். உரிமைக்குப் பிடிமானமாக நின்ற சொல், ‘பொதுப்பணம்’.

1970களின் நிதி நெருக்கடியில் நியூயார்க் நகரம் பூங்காச் செலவை வெட்டியது. சென்ட்ரல் பார்க்கைக் காக்க 1980இல் தனியார் அமைப்பு உருவானது. பணக்காரர்களின் நன்கொடை குவிந்தது. ஏழைகளின் பகுதிப் பூங்காக்கள் பலவற்றுக்கு அப்படிப் புரவலர்கள் வாய்க்கவில்லை.

இங்கும் அரசு கைவிடும் பூங்கா வசதியானவர்களின் குடியிருப்போர் சங்கத்திடம் போனால், வாயிற்காவலர் யாரை மறிப்பார் என்பது நமக்குத் தெரியும். சேரிப் பிள்ளைகள் ஓடியாட வேறு இடம் ஏது?

தோழர்களே, உங்கள் மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கையில் பூங்காவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். குறைந்திருந்தால் கேள்வி கேளுங்கள்.