தொடர்பியல் படிக்கப் போகும் மாணவர்களே!

டிவியில் செய்தி வாசிக்கும் ஆசையோடு தொடர்பியல் படிக்கச் செல்வோர் பலர். முதல் தவணையில் கிடைப்பதோ கோட்பாடும் ஆய்வு முறையும் மலாய், ஆங்கிலக் கட்டுரைகளும்தான். கேமராவும் மைக்கும் பிறகுதான் வரும். அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். கேட்டதைச் சரிபார்த்து எழுதும் பழக்கத்தைத் தருபவை அந்தப் பாடங்களே.

"இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுபோனது. எனவே பத்திரிகை வேலையை மட்டும் நம்பிப் படிப்பது சரியல்ல. மூன்று மொழிகளிலும் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு வானொலி, விளம்பரம், மக்கள் தொடர்பு என வேறு வழிகளும் திறக்கும். அந்த மூன்றில் தமிழைக் கைவிட்டுவிடாதீர்கள்.

ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. தோட்டம் கைமாறும்போது வீட்டை இழக்கும் குடும்பத்தையும், மாணவர் குறைந்துவரும் தமிழ்ப்பள்ளியையும் நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்? விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதெல்லாம் ஒரு செய்தியாவது எழுதித் தமிழ் நாளிதழுக்கு அனுப்புங்கள். பட்டம் பெறும் நாளில், உங்கள் பெயரில் அச்சேறிய எழுத்தும் கையில் இருக்கும்.