வெற்றிடமும் பூஜ்யமும்

மழை பெய்யாத நாளும், மழை அளக்கப்படாத நாளும் ஒன்றல்ல. முன்னதற்குப் பூஜ்யம் உரியது. பின்னதற்கு வெற்றிடமே உரியது. ஜூன் மாதத்தின் 30 நாட்களில் ஒரு நிலையம் 25 நாட்களே அளந்து, மொத்தம் 100 மி.மீ. மழையைப் பதிந்ததெனக் கொள்க. எஞ்சிய 5 கட்டங்கள் வெற்றாக உள்ளன. கணிப்பொறியின் எஸ்.கியூ.எல். மொழியில் நிலையவாரியாகத் தொகுத்து எண்ணுங்கால், 'கவுண்ட்' என்னும் கட்டளை உடுக்குறியுடன் வரின் வரிசைகள் அனைத்தையும் எண்ணி 30 என விடை தரும். மழைப்பத்தியின் பெயருடன் வரின் வெற்றிடங்களை நீக்கி 25 எனத் தரும். சராசரியும் 25 நாட்களுக்கே கணிக்கப்பட்டு 4 மி.மீ. ஆகும். வெற்றிடங்களைப் பூஜ்யத்தால் நிரப்பினாலோ, அது 3.3 மி.மீ. ஆகக் குறையும், அளக்காத நாட்கள் மழையற்றவை என்னும் ஆதாரமற்ற முடிவு கணக்கினுள் புகுந்துவிடும். வறட்சியை அறுதியிடுவதற்கு இத்தகைய கணக்கு ஏற்றதன்று. ஆகவே, அளக்காத நாளை வெற்றிடமாகவே விடுதல் களப்பணியாளர் கடமை. இரண்டு எண்ணிக்கைகளையும் அருகருகே வெளியிடுதல் தொகுப்பாளர் கடமை. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடமையாகும்.