கட்டணம் இல்லை என்றார்கள்

நான் பேரவையில் இருந்த காலத்தில் பங்கு வாங்குவது அப்பாக்களின் வேலை. இன்றோ தம்பி தங்கைகள் எம்.ஆர்.டி.யில் விரிவுரைக்கு வரும் வழியிலேயே கைத்தொலைபேசியில் கணக்குத் திறந்துவிடுகிறார்கள். இரவு 9.30க்கு, குளிர்காலமானால் 10.30க்கு, நியூயார்க் சந்தை திறந்ததும் ஆப்பிளில் ஒரு பங்கு. "தரகுக் கட்டணமே இல்லை அண்ணா" என்று பெருமை வேறு!

அந்த விளம்பரம் பொய்யன்று. ஆனால் நாம் கேட்க வேண்டிய மற்ற கேள்விகளை அது மறக்கடித்துவிடுகிறது என்பதே என் மனக்குறை. சிங்கப்பூர் வெள்ளியை அமெரிக்க வெள்ளியாக மாற்றும்போது தரகர் அரை விழுக்காடு எடுத்தாலும் 1,000 வெள்ளிக்கு 5 வெள்ளி போய்விடும். அது போகட்டும். அமெரிக்க நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகையில் 30 விழுக்காடு அங்கேயே வரியாகப் பிடிக்கப்படுகிறது. அதைக் குறைக்கும் வரி ஒப்பந்தம் சிங்கப்பூருக்கும் இல்லை, மலேசியாவுக்கும் இல்லை. பங்கை விற்று வரும் இலாபத்தில் பொதுவாக அவர்கள் கை வைப்பதில்லை என்பது ஓர் ஆறுதல்.

இவையெல்லாம் உயிரோடு இருப்பவனின் கவலைகள். என்னை இதை எழுத வைத்தது வேறொன்று.

என் அத்தான் 43 வயதில் மாரடைப்பால் காலமானார். காரியம் முடிந்த மறுவாரம் அக்கா அவருடைய கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதுல ஏதோ அமெரிக்கப் பங்கு இருக்குன்னு சொல்வாரு. எப்படி எடுக்கறது?" மத்திய சேம நிதிக்கு அத்தான் வாரிசு நியமனம் செய்திருந்தார். இந்தக் கணக்குக்கு அது செல்லாது. சி.டி.பி. கணக்கில் உள்ள சிங்கப்பூர்ப் பங்குகளைப்போல் இவை அவர் பெயரிலும் இல்லை. தரகரின் பாதுகாவலர் பெயரில் இருந்தன. நீதிமன்ற ஆவணம் கேட்டார்கள், கொடுத்தோம். அதன் பிறகுதான் அமெரிக்க மரபுரிமை வரி என்ற சொல்லையே முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

சிங்கப்பூர் 2008இல் மரபுரிமை வரியை நீக்கிவிட்டது. மலேசியா 1991லேயே நீக்கிவிட்டது. அதனால் நம் தலைமுறைக்கு அப்படியொரு வரி இருப்பதே தெரியாது. ஆனால் அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கு வசிப்பவராகவோ இல்லாத ஒருவர் இறக்கும்போது அவரிடமுள்ள அமெரிக்கச் சொத்து 60,000 அமெரிக்க வெள்ளியைத் தாண்டினால் அந்நாடு வரி கேட்கும். மேல்விகிதம் 40 விழுக்காடு. கழிவுகள் ஏதும் இல்லையென்றால் 100,000 வெள்ளிப் பங்குக்கு ஏறத்தாழ 10,800 வெள்ளி. பங்கைச் சிங்கப்பூர்த் தரகர் வழி வாங்கியிருந்தாலும் அது அமெரிக்கச் சொத்துதான். இறந்த ஒன்பது மாதத்திற்குள் கணக்குக் காட்ட வேண்டும். அந்நாட்டு வரித்துறையின் சான்றிதழ் வரும்வரை பங்கு அசையாது. அக்கா பல மாதங்கள் காத்திருந்தார். வீட்டுக் கடன் காத்திருக்கவில்லை.

கணக்குத் திறக்கும்போது ஒரு படிவத்தில் கையொப்பமிட்டோமே, டபிள்யூ-8பென், அதிலாவது இது இருக்குமா என்று தேடினேன். அது வருமான வரிக்கானது. மரபுரிமை வரியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கட்டணம் இல்லை என்பதைக் கொட்டை எழுத்தில் போடும் தரகர்கள் இந்த 60,000ஐயும் அதே பக்கத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து. "நாங்கள் மாணவர்கள், 600 வெள்ளிதானே வைத்திருக்கிறோம்" என்பீர்கள். அத்தானும் 600இல்தான் தொடங்கினார்.

வெளிநாட்டுப் பங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அயர்லாந்தில் பதிவாகி லண்டனில் விற்கப்படும் நிதிகள் வழியாகவும் அமெரிக்கச் சந்தையில் முதலிடலாம். அங்கே ஈவு வரி நிதிக்குள்ளேயே 15 விழுக்காட்டோடு நின்றுவிடும். அமெரிக்க மரபுரிமை வரியும் இல்லை. நான் அதற்கு மாறிவிட்டேன்.

சென்ற மாதம் என் கணக்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி, குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்தார். "கல்யாணம் பேசற நேரத்துல இதெல்லாம் எதுக்குடா எழுதற?" என்றார்.