தோம்பில் ஏறாத வளவுகள்

காணியிழந்தவனைப் பார்த்து, "உறுதி எங்கே?" என்று கேட்கின்றது கச்சேரி. உறுதி போர்த்தீயில் வெந்தது; தப்பியதை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டது. கோமாரி முதல் கல்முனை வரை இக்கதை கேளாத ஊருண்டோ?

ஒல்லாந்தர் நம் காணிகளைத் தோம்பில் பதிந்தனர். வரி அறவிடுவதற்கே பதிந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன் அப்பெயரையே எடுத்தாண்டு 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்னும் நூலை ஆக்கினார். முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் பொருள். போரால் வீடிழந்த தமிழ் பேசும் மக்கள் நினைவிலிருந்து தாமே வரைந்த வீட்டுப் படங்கள், அவற்றைச் சீர்செய்த கட்டடக்கலை வரைபடங்கள், அருகே ஓவியரின் சித்திரங்கள் என அமைந்தது அந்நூல்.

"சோற்றுக்கு வழியில்லாதவனுக்குச் சித்திரப் புத்தகமா?" என நகைக்கும் கனவான்கள் நம்மிடையே உளர். அவர்களைக் கேட்கின்றோம்: சித்திரம் வெறும் பொழுதுபோக்காயின், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சித்தபிரசாத் வரைந்த 'ஹங்ரி பெங்கால்' நூலை வெள்ளை ஆட்சி பறித்து அழித்ததேன்? நெப்போலியன் படை புகுந்த ஸ்பெயினின் கோரங்களைச் செதுக்கிய கோயாவின் படங்கள், அவர் மறைந்து 35 ஆண்டுகளின் பின் 1863இலன்றோ நூலாக வெளிவந்தன!

படம் உறுதியாகாது என்பர் நம் தொழிலைச் சேர்ந்த சிலர். ஆகாதுதான். ஆனால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம், பத்தாண்டு தடையின்றி எதிரிடையாக ஆண்டவனுக்குக் காணியைத் தருகின்றது. ஆயுதக் குழுக்களின் செயலால் மன்றேற இயலாதிருந்தோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். காலத்தை விலக்கினால் போதுமா? வடக்கே எவர் வளவு, கிழக்கே எந்த ஒழுங்கை என்று நான்கெல்லையும் சொல்ல ஆள் வேண்டாமா? சொல்லத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். இன்று வரைந்து, நாளிட்டு, அயலார் ஒப்பமிட்ட படம் நாளை அச்சாட்சிகளை மன்றுக்கு அழைத்து வரும்.

அந்த அயலார் எவர்? தமிழனின் வளவுக்கு வடக்கெல்லை முஸ்லிமின் வளவு; முஸ்லிமின் வயலுக்குத் தெற்கெல்லை தமிழனின் வரம்பு. தன்னினத்தார் இழப்பை மட்டும் வரைபவன் படத்தில் ஈரெல்லை வெறுமையாய் நிற்கும். பிரதேச செயலகத்துக்காகக் கல்முனையில் மல்லுக்கட்டும் இரு தரப்பாருக்கும் இதைச் சேர்த்தே சொல்கின்றோம்.

நில அளவையாளரே, ஆசிரியரே, சட்டத்தரணிகளே! ஊருக்கொரு தோம்பு வரைய ஓவியர் ஒருவர் வரும்வரை காத்திருப்பதா? கோமாரியில் தொடங்குவோம். கமக்காரர் சொல்லட்டும், பிள்ளைகள் வரையட்டும். பொத்துவிலிலிருந்தும் கல்முனையிலிருந்தும் முஸ்லிம் சகோதரர் வந்து தம் பக்கத்து எல்லையை இடட்டும். வரைதல் கொப்பிக்கும் பென்சிலுக்குமா இங்கு பஞ்சம்?