பல் கொட்டிய சக்கரம்

மறுநாள் சிம்போசியம். டிபார்ட்மென்ட் வாசலில் ஒட்ட ஒரு பல்சக்கர ஸ்டிக்கர் டிசைன் பண்ணும் வேலை என் தலையில். ரொம்ப ஈஸி பாஸ்! ஒரு வட்டம், அதன் விளிம்பில் கொஞ்சம் உள்ளே செருகினாற்போல் 12 செவ்வகங்கள், எல்லாத்துக்கும் ஒரே சிவப்பு. மானிட்டரில் பார்த்தால் கும்மென்று ஒரே சக்கரம். பென் டிரைவோடு ஸ்டிக்கர் கட்டிங் கடைக்கு ஓடினேன்.

மெஷின் வெட்டி முடித்தது. உரித்தால்... பல்லெல்லாம் கழன்று தனித்தனியாக வருது! பல்செட் தொலைத்த தாத்தா மாதிரி நடுவில் வெறும் வட்டம். கடை அண்ணன் சிரித்தார்: "என்ன தம்பி, வெல்டு பண்ணலையா?"

மேட்டர் இதுதான். ஸ்க்ரீன் வண்ணத்தைத்தான் காட்டும். கத்திக்கு வண்ணம் தெரியாது, கோடுதான் தெரியும். ஒவ்வொரு உருவத்தின் கோட்டிலும் அது தனித்தனியாக ஓடும். கோரல்டிராவில் 'வெல்டு', இங்க்ஸ்கேப்பில் 'யூனியன்' கொடுத்தால்தான் உள்ளே மறைந்த கோடுகள் அழிந்து, வெளிக்கோடு மட்டும் மிஞ்சும்.

இதில் நான் அசந்துபோன விஷயம், இது நாம் டிஜிட்டல் பேப்பருக்கு மனப்பாடம் பண்ணும் அதே ட்ரூத் டேபிள்! ஒரு புள்ளி முதல் உருவத்தில் 'அல்லது' இரண்டாவதில் இருந்தால் யூனியன். இரண்டிலும் இருந்தால் இன்டர்செக்ஷன். முதலில் இருந்து, இரண்டாவதில் இல்லாவிட்டால் டிஃபரன்ஸ். வட்டத்திலிருந்து வட்டத்தைக் கழித்துப் பாருங்க, பிறை நிலா ரெடி. எக்ஸார் கேட்கூட உண்டு. ஜார்ஜ் பூல் 1854-ல் புத்தகமாகப் போட்ட தர்க்கம், ஸ்டிக்கர் கடை வரைக்கும் வந்திருக்கு!

வீட்டுக்கு வந்து நானே புரோகிராம் எழுதினேன். இரண்டு உருவங்களின் கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கண்டுபிடி. அங்கே கோடுகளைத் துண்டாக்கு. யூனியனுக்கு, அடுத்த உருவத்துக்கு வெளியே இருக்கும் துண்டுகளை மட்டும் வைத்து வரிசையாகக் கோத்துவிடு. அவ்வளவுதான். குறுக்கே வெட்டிய சதுரங்களுக்கு சூப்பராக வேலை செய்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் மாதிரி இரண்டு சதுரங்களைப் பக்கத்தில் வைத்தேன். காலி! ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும் கோடு உள்ளேயா, வெளியேயா? என் புரோகிராமுக்குத் தெரியவில்லை. போதாததற்கு, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டர் சரியாக 0.3 சொல்லாது. ஒரே புள்ளி இரண்டு புள்ளியாகிவிடும். 1992-ல் பாலா வட்டி வெளியிட்ட முறையை அடிப்படையாகக் கொண்ட 'கிளிப்பர்' லைப்ரரி, இந்தத் தொல்லைக்காகவே முழு எண்களில் கணக்குப் போடுகிறது.

அன்னிக்கு அண்ணன் ஒரே க்ளிக்கில் சரிபண்ணி, புது ஷீட்டில் வெட்டிக் கொடுத்தார். வீணான ஷீட்டுக்குக் காசு என் பாக்கெட்டிலிருந்துதான். செமஸ்டர் ஃபீஸைவிட உருப்படியான செலவு! ஆகவே மக்களே, கடைக்குப் போகும்முன் அவுட்லைன் வியூவில் ஒருமுறை பார்த்துடுங்க. உள்ளே கோடு தெரிஞ்சா, பல் கொட்டும்!