முழக்கம் போட்ட பனியனும் நம் கல்லாப்பெட்டியும்



பனியனில் அச்சாகும் அரசியல் முழக்கத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. இன்று பல ஊர்களில் மளிகைக் கடை வாசலிலேயே துண்டும் பனியனும் தொங்குகின்றன. பக்கத்தில் ஒரு சரத்தில் கலர் கலராகக் கைக்கயிறும் தொங்குகிறது. சோப்புக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பனியனோடு நிற்கும் நம் கடைப் பையன், தேர்தல் வந்துவிட்டால் கட்சிக்காரர் கொடுத்த பனியனோடு தராசு முன் நிற்கிறான். ஆகவே இது ஜவுளிக்காரர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம் அல்ல.

உடையால் அரசியல் பேசுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரையில்தான் மேலாடையைத் துறந்தார். திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையை 1948-இல் அன்றைய சென்னை மாகாண அரசு தடை செய்தது. பிறகு கரை வேட்டிக் காலம் வந்தது. கறுப்பு சிவப்புக் கரை என்றால் தி.மு.க., நடுவில் வெள்ளை சேர்ந்தால் அ.தி.மு.க., மூவர்ணம் என்றால் காங்கிரஸ் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். இவற்றில் ஒரு எழுத்து கிடையாது. ஆனாலும் கட்டியவர் அதற்குப் பொறுப்பேற்றார். கட்சி மாறினால் கரையையும் மாற்றினார்.

இப்போது வந்திருப்பது வேறு வகை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள். காளைப் படம் போட்ட பனியன் ஊரெங்கும் வந்தது. 2020 செப்டம்பரில் திரைத்துறையினர் சிலர் 'இந்தி தெரியாது போடா' என்ற பனியனை அணிந்து படம் வெளியிட்டார்கள். அதைக் கேட்டு வாங்கும் கூட்டம் கிளம்பியது. மனதில் பட்டதை நெஞ்சில் எழுதிக்கொள்வது அவரவர் உரிமை. அதில் நாம் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கொள்கைக்காக வாங்குகிறவர் பத்துப் பேர் என்றால், நாகரிகத்துக்காக வாங்குகிறவர் நூறு பேர். சே குவேராவின் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் ஆல்பர்ட்டோ கோர்டா என்ற கியூபா நாட்டுப் புகைப்படக்காரர், ஆண்டு 1960. அந்தப் படம் போட்ட பனியனை அணிந்திருக்கும் எத்தனை பையன்களுக்கு அவர் யார் என்று தெரியும்?

நாகரிகத்துக்காக விற்பனையாகும் சரக்கு தக்காளி மாதிரி. இன்று விலை போகும், நாளை அழுகும். தேர்தல் முடிந்த மறுநாள் கட்சிப் பனியனைத் தரை துடைக்கத்தான் எடுப்பார்கள். எனவே இந்தச் சரக்கில் கை வைப்பவர்கள் சில வழக்கங்களைக் கடைப்பிடிப்பது நல்லது. கொஞ்சமாகக் கொள்முதல் செய்ய வேண்டும். எந்தக் கட்சியானாலும், எவ்வளவு தெரிந்தவரானாலும், ரொக்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். தேர்தல் கடனை வசூலிக்கப் போகும்போது, தோற்றவர் வீட்டில் ஆள் இருக்கமாட்டார். ஜெயித்தவர் வீட்டில் நம்மை உள்ளே விடமாட்டார்கள். பில் இல்லாமல் மூட்டையை அனுப்பக் கூடாது. நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில், ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சின்னம் அச்சிட்ட பனியன் மூட்டைக்கும் கணக்குக் கேட்பார்கள்.

வாக்குச்சாவடி அருகே கடை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதையும், தேர்தல் தொடர்பான அடையாளங்களைக் காட்டுவதையும் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு தடை செய்கிறது. அன்றைக்காவது அந்தப் பனியனை உள்ளே எடுத்து வைத்துவிடுவோம். அன்றைக்கு மட்டும் என்ன, எந்த நாளிலும் தராசு பிடிக்கும் கைக்குக் கட்சி நிறம் வேண்டாம் என்பதே நம் கருத்து. துவரம்பருப்பு எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒரே விலைதான்; ஆனால் கடைப் பையனின் நெஞ்சைப் பார்த்தவருக்கு எடை மீது சந்தேகம் வந்துவிட்டால், நாம் விளக்கிச் சொல்லி மாளாது.

இதுவரை சொன்னது லாப நஷ்டக் கணக்கு. இனி சொல்லப் போவது அதைவிடப் பெரியது.

கட்சி முழக்கத்தின் அதே சரத்தில் சாதிப் பெருமை பேசும் பனியனும், சாதிக்கு ஒரு நிறமாகக் கைக்கயிறும் சத்தமில்லாமல் வந்து தொங்கிவிட்டன. கட்சி என்பது விரும்பிச் சேர்வது, விரும்பினால் விலகுவது. சாதி வாசகம் அப்படியல்ல. அது எதிரே வருபவனை 'நீ கீழே' என்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டிவரத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறார். சாயங்காலம் அதே பையன் தெருமுனைக் கடையில் வேறொன்று வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அந்தத் தெருமுனைக் கடை நம் கடை அல்லவா?

"கோயில் கயிறு எது, சாதிக் கயிறு எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கருவாட்டை முகர்ந்தே தரம் சொல்லும் நமக்கா தெரியாது? இன்ன இரண்டு நிறம்தான் வேண்டும் என்று நான்கைந்து பையன்கள் சேர்ந்து வந்து கேட்கும்போது நமக்கு நன்றாகவே தெரியும். "நான் விற்காவிட்டால் எதிர்க்கடையில் வாங்குவான்" என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதைத் தனி ஒரு வியாபாரியின் தலையில் சுமத்தாமல், ஒவ்வொரு கிளைச் சங்கமும் கூடித் தீர்மானம் போட வேண்டும் என்கிறோம். சாதி வாசகம் உள்ள பனியன், சாதி நிறக் கயிறு இரண்டையும் நம் உறுப்பினர் கடைகளில் விற்பதில்லை என்று முடிவு செய்வோம். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் சிறு வியாபாரி நஷ்டப்படக் கூடாது. அந்தச் சரக்கை மொத்த வணிகர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு கணக்கில் வரவு வைக்க முன்வர வேண்டும்.

இதனால் கல்லாவில் குறையப்போவது சில்லறைக் காசு. தெருவில் ஒரு கலவரம் வந்தால் முதலில் இறங்குவது நம் கடையின் ஷட்டர்தான். அந்த ஒரு நாள் நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேண்டிய கணக்கு அதிலேயே இருக்கிறது.