உயிர் காக்கும் கைக்கு ஒரு பதிவு எண்

காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறோம். பூப்புனித நீராட்டுக்கு வைக்கிறோம். இனி அவசர மருத்துவப் பயிற்சியை முடித்துச் சான்றிதழோடு ஊர் திரும்பும் பிள்ளைக்கும் ஒன்று வைப்போம். உப்பிலியபுரம் பஸ் நிறுத்தத்திலேயே வைப்போம். நான்கு பேர் நின்று படிக்கட்டும்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஊர்த்தெருவில் யார் செத்தாலும் வெளியூர் உறவுகளுக்குச் சேதி சொல்ல நடந்தவர்கள் நம் தாத்தாக்கள். குழி வெட்டியதும் செத்த மாட்டைத் தூக்கியதும் நம் ஆட்களே. சாவு வந்த பிறகுதான் நமக்கு ஆள் அனுப்பினார்கள். அதே தெருவின் பேத்தி இன்று சாவுக்கு முன்னால் போய் நிற்கிறாள். தொடக்கூடாது என்று விலக்கி வைத்த வீட்டுப் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள். இதயம் நின்றிருந்தால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்துகிறாள். அந்த நேரத்தில் அவள் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. (பிழைத்து வந்த பிறகு கேட்பவர்கள் உண்டு. அதை இன்னொரு வாரம் பேசுவோம்.)

நம் ஒன்றியம் பச்சைமலை, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. வெங்காயக் காட்டில் பாம்பு கடித்தாலும், கிணற்றில் தவறி விழுந்தாலும், பெரிய சிகிச்சை என்றால் துறையூரையும் தாண்டித் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அவ்வளவு தூரமும் வண்டிக்குள் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்பதில்தான் ஓர் உயிர் தொங்குகிறது. கடித்த இடத்தைக் கீறக்கூடாது, கயிற்றால் இறுக்கக்கூடாது, காலை அசையாமல் வைக்க வேண்டும், மூச்சு தடுமாறினால் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும். ஓடும் வண்டியில் பிரசவம் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் வந்தது. அதில் மருத்துவ உதவியாளராகச் சேர நர்சிங், லேப் டெக்னீசியன் படித்தவர்கள் மட்டுமன்றி விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கிறார்கள். தேர்வானவர்களுக்கு 50 நாள் பயிற்சி. பிறகு 12 மணி நேர ஷிஃப்ட். பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது திறந்திருக்கும் கதவுதான். ஆனால் அந்தப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற நகரம். அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு அந்த நாளில் ஆம்புலன்ஸ் என்றால் போலீஸ் வேன்தான். கூப்பிட்டால் வரும், வராமலும் போகும். 1967-இல் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற அமைப்பு, வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த அந்தப் பகுதி இளைஞர்களைச் சேர்த்தது. மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சாஃபர் அவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சியை வகுத்தார். சிலர் பள்ளிப் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் பாராமெடிக் அணிகளில் ஒன்று அவர்களுடையது. பின்னால் மருத்துவர் நான்சி கரோலின் அவர்களோடு வேலை செய்து எழுதிய பாடம்தான் அந்த நாடு முழுவதற்கும் பாடமானது.

1975-இல் மாநகராட்சி தானே ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. உங்களுக்கு வேலை உண்டு என்றார்கள். அப்புறம் புதுத் தேர்வு வைத்தார்கள், பழைய வழக்கைக் கிளறினார்கள், பலரைக் கழித்துக்கட்டினார்கள். மிஞ்சியவர்களுக்கு மேலே அனுபவம் குறைந்த வெள்ளையர்களை உட்கார வைத்தார்கள். ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர்கள் ஓரமாய் நின்றார்கள்.

நம் நாட்டில் 2021-இல் தேசிய இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம் வந்தது. அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார். மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால் எந்த நிறுவனம் டெண்டர் எடுத்தாலும், எந்த நிறுவனம் போனாலும், தகுதி நம்மோடு இருக்கும். ஆனால் அந்தச் சட்டம் இணைத் தொழிலர் என்று சொல்வது, குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பயின்று டிப்ளமோவோ பட்டமோ பெற்றவரை. 50 நாள் பயிற்சி எங்கே, 2,000 மணி நேரம் எங்கே? அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டு அவசர சிகிச்சை டெக்னீசியன் சான்றிதழ்ப் படிப்பு நடக்கிறது. நல்ல படிப்புதான். இந்த அளவுகோலுக்கு அதுவும் போதாது.

அதனால் அரசிடம் நாம் கேட்பது இது. பல வருஷம் வண்டியில் ஓடிய மருத்துவ உதவியாளரின் அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, மிச்சப் பாடத்தை வேலையில் இருந்துகொண்டே முடிக்க ஒரு இணைப்புப் படிப்பு வேண்டும். கட்டணத்தைத் தாட்கோ ஏற்க வேண்டும். சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போ என்றால் நம் வீடுகளில் எத்தனை பேரால் முடியும்?

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் முதலிலேயே பட்டப்படிப்பைக் குறிவையுங்கள். விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. இருக்கிறது, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ். எந்தத் தனியார் பயிற்சி மையம் கூப்பிட்டாலும் பணம் கட்டுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்தச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது, இதை வைத்துப் பதிவு செய்ய முடியுமா?” சரியான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் அங்கே நிற்கும் வரிசை நமக்குத் தெரிந்ததுதான்.